தேவிக்கு இரண்டு பேர்

"அவர் வாயை எப்படி வெச்சிருந்தாரோ, அதை மட்டும் செஞ்சு காட்டு. நீ என்ன புரிஞ்சுக்கிட்டேங்கறது வேண்டாம்."

"குவிச்சுத்தாங்க வெச்சிருந்தாரு. துவோன்னு ஆரம்பிச்சா குவியத்தானே செய்யும்? துவோ… இல்லோ… அப்படின்னு."

"இல்லோவா? இல்லியா?"

"சாகப்போற மனுஷன் பக்கத்துல நின்னு இலக்கணமாங்க பார்ப்பேன்?"

நான் சிரித்துவிட்டேன். நுமேரியுஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். இலக்கணத்தைப் பற்றி யார் கேலி பேசினாலும் அவருக்குச் சொந்தக்காரர் யாரையோ திட்டியது போலிருக்கும்.

பதில் சொன்னவள் தெர்தியா, சலவைக்கூடத்துக்காரி. துணி வெளுக்க மூத்திரம் வேண்டும். தெருமுனைகளில் குடம் வைத்துவிட்டு, நிறைந்ததும் எடுத்துப் போவது அவள் வேலை. குடத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருந்தேன். அப்படியும் அது எங்களோடு நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்ட நுமேரியுஸ் ஒரு காலத்தில் என்னை விலை கொடுத்து வாங்கியவர், பிறகு விடுதலை செய்தவர். இப்போது வக்கீல் கிடைக்காதவர்களுக்காக உண்மையைத் தேடிக் கொடுக்கிறவர். நான் மிர்தோ. யோசித்துக்கொண்டே நடக்கும் அவர் மீது வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்கிறவள்.

நேற்றுக் காலை தெர்தியா போர்த்தேவி பெல்லோனாவின் கோயில் பக்கம் குடம் எடுக்கப் போயிருக்கிறாள். கோயிலுக்கு முன்னால் ஒரு தூண், தூணுக்கு அப்பால் சின்னதாக ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தில் கோயில் காவலர் வோலேசுஸ் நெஞ்சில் குத்துப்பட்டுக் கிடந்தார். கிழவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மோக்கோ, பெலியோ என்ற அண்ணன் தம்பி, லிகுரிய மலைக்காரர்கள். கையெல்லாம் ரத்தம். பக்கத்தில் அவர்கள் கூடை மாட்டித் தூக்குகிற, முனையில் இரும்புப் பூண் போட்ட காவுதடி. எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று இவள் கத்தியிருக்கிறாள். கிழவர் கண்ணைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இவள் காதில் 'துவோ இல்லி' என்று விழுந்தது.

எங்கள் ரோம பாஷையில் 'அந்த ரெண்டு பேர்' என்று அர்த்தம்.

அதையே தண்டனை அதிகாரி ராபுலேயுஸிடமும் சொல்லியிருக்கிறாள். அவருக்கு வேறென்ன வேண்டும்? கிழவர் இரண்டு என்கிறார், இருப்பது இரண்டு பேர், இருவருக்கும் இந்த ஊர்க் குடியுரிமை கிடையாது. இன்று பொழுது சாய்வதற்குள் சிறையில் கழுத்தை நெரிக்க உத்தரவாகிவிட்டது.

"ராத்திரி பூரா அந்தச் சத்தத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேங்க. கடைசியில 'ஓ'ன்னுதான் முடியுது" என்றாள் தெர்தியா. "என் வாயால ரெண்டு உசுரு போகுது. நான் குடம் தூக்கறவ, இதைத் தூக்க முடியாதுங்க."

நுமேரியுஸ் கொண்டைக்கடலையின் தோலை உரித்தபடியே எழுந்துவிட்டார். 'அந்த ரெண்டு பேர்' என்றால் சொல் 'இ'யில் முடிய வேண்டும். 'ஓ'வில் முடிந்தால் அது வேறு சொல். ஓர் எழுத்தை நம்பி இரண்டு கழுத்துகளைக் காப்பாற்றக் கிளம்புகிற ஆள் ரோமிலேயே அவர் ஒருவர்தான்.

கோயிலுக்குப் போகிற வழியில் மூன்று பேரும் சிறை வாசலில் நின்றோம். கம்பிக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மோக்கோவுக்கு வலது தோளில் காய்ப்பு, பெலியோவுக்கு இடது தோளில். ஒரே தடியை வருஷக்கணக்காக இரண்டு பேரும் தூக்கியதன் அடையாளம். அண்ணனுக்கு எங்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. அவன் மலைப்பாஷையில் முணுமுணுக்க, தம்பி எங்களுக்குச் சொன்னான். கிழவரின் பாத்திக்கு எரு கொண்டுபோனார்களாம். ஒரு கூடை கொட்டிவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்த் திரும்பினால் கிழவர் கிடந்தாராம். யாரையும் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கினார்கள், அவ்வளவுதான்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நுமேரியுஸ் கேட்டார். அண்ணன் ஏதோ சொன்னான். பெலியோ தயங்கினான்.

"பாத்திக்கு யாராச்சும் தண்ணி ஊத்தினாங்களான்னு கேக்கறான்."

"எப்பவும் இப்படி ஒட்டிக்கிட்டேதான் இருப்பீங்களா?" என்றேன், சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று.

"தனியா இருந்து பழக்கம் இல்லக்கா."

"பழகிடும். எங்க ஊரு கொரிந்த் எரிஞ்சப்ப என்னையும் எங்க அக்காவையும் ஒரே கயித்துல கட்டித்தான் ஏலத்துக்குக் கொண்டு வந்தாங்க. கடைசியில அவளைத் தனியா, என்னைத் தனியா வித்தாங்க. கயித்தையும் தனியாத்தான் வித்தாங்க."

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் சிரிப்பார்கள். பெலியோ அதை அண்ணனுக்கு மொழிபெயர்த்தான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பெல்லோனாவின் கோயில் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. போர் எங்களுக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் அதன் தேவியை ஊருக்குள் சேர்க்க மாட்டோம். செத்துப்போன கிழவருக்குப் பதிலாக ஒரு தூங்குமூஞ்சி காவலுக்கு நின்றான். தெர்தியாவின் குடத்தைப் பார்த்ததும் அவன் ஒதுங்கிக்கொண்டதில் எங்களுக்கு வழி கிடைத்தது.

நுமேரியுஸ் நேராகப் பலிபீடத்தின் முன் போய் மண்டியிட்டார். வேண்டுதலுக்கு அல்ல. பீடத்தின் அடியில் தேய்ந்துபோன எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"தெர்தியா, இந்தச் சாமி பேர் என்ன?"

"பெல்லோனா. பெல்லான்னா அழகுதானே, அதனால அழகம்மான்னு நெனச்சுக்குவேன்."

"அழகுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கல்லுல இருக்கறது அவளோட பழைய பேர். துவெல்லோனா."

பிறகு அவரை யாரும் நிறுத்த முடியவில்லை. போருக்கு இப்போது எல்லோரும் 'பெல்லும்' என்கிறோம். தாத்தனுக்குத் தாத்தன் காலத்தில் அது 'துவெல்லும்'. சொல்லின் தலையிலிருந்த 'து', 'வெ' என்ற இரண்டு சத்தமும் வாயில் கிடந்து கிடந்து ஒன்றோடொன்று ஒட்டி 'பெ' ஆகிவிட்டது. துவெல்லும் பெல்லும் ஆனபோது, போருக்கு உரியவளான துவெல்லோனாவும் பெல்லோனா ஆனாள். 'நல்ல' என்பதற்கு நாம் சொல்லும் 'போனுஸ்' கூட முன்பு 'துவோனுஸ்' ஆகத்தான் இருந்ததாம்.

"நல்லதுக்கும் போருக்கும் ஒரே வியாதியாங்கய்யா?" என்றாள் தெர்தியா.

"ஒரே வியாதிதான். இன்னும் ஒரு படி மேல போறவங்களும் இருக்காங்க. துவெல்லும்ங்கற சொல்லுக்குள்ள துவோ இருக்கு பாரு, ரெண்டு இருக்கு. ரெண்டு பக்கம் இல்லாம போர் ஏதுன்னு சொல்வாங்க." அவர் முகம் விளக்கேற்றியது போல் இருந்தது. "கிழவர் இந்தக் கல்லு முன்னாடி தினமும் பழைய பேரைச் சொல்லிக் கும்பிட்டவர். சாகும்போது தன் தேவியைக் கூப்பிட்டிருக்கார். 'துவெல்லோ…' வரைக்கும்தான் வந்துது. ஊருக்குத் தெரியாத பேர். அதனால தெர்தியா காது தெரிஞ்ச எண்ணிக்கையைப் போட்டு நிரப்பிடுச்சு. தேவிக்கு ரெண்டு பேர் இருக்கறது தெரியாம ரெண்டு பேரைப் பிடிச்சுட்டாங்க."

"அருமை. செத்தவர் சாமியைக் கூப்பிட்டார்" என்றேன். "இதை வெச்சு யாரை விடுவிக்கப்போறோம், சாமியையா? ராபுலேயுஸ் கேப்பாரே, சாமியைக் கூப்பிட்டார், சரி, குத்தினது யாருன்னு?"

விளக்கு அணைந்தது. அவர் வெளியே நடந்தார். நானும் தூணைத் தாண்டி அந்தத் துண்டு நிலத்துக்குப் போனேன்.

அது எதிரி நிலம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெகு காலத்துக்கு முன் கடல் கடந்த ராஜா ஒருவனோடு சண்டை வந்தது. போரை முறைப்படி அறிவிக்க ஈட்டிப் பூசாரி எதிரியின் மண்ணில் ஈட்டி எறிய வேண்டும். கடலைத் தாண்டி எறிய யாருக்குக் கை நீளம்? பிடிபட்ட சிப்பாய் ஒருவனை இந்த இடத்தை வாங்க வைத்தார்கள். எதிரி வாங்கினால் எதிரி நிலம். அன்றிலிருந்து எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் எதிரி நாடு இருக்கிறது. யாரோடு சண்டை வந்தாலும் ஈட்டி தூணைத் தாண்டி இங்கேதான் விழும். சண்டை இல்லாத நாளில் நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று வோலேசுஸ் அதில் பூண்டு போட்டிருந்தார்.

பாத்தி கலைந்திருந்தது. ரத்தம் கிடந்த இடத்தைச் சுற்றிப் பூண்டுச் செடிகள் நசுங்கியிருந்தன, அது சரி. ஆனால் அந்த இடத்திலிருந்து தள்ளியும் இரண்டு மூன்று செடிகள் வேரோடு பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணில் ஓர் ஓட்டை. எல்லா ஓட்டைகளும் தூண் இருக்கும் திசையிலிருந்து சாய்வாக இறங்கியிருந்தன.

"ஐயா, காவுதடி ஊன்றின ஓட்டை நேரா இருக்கும். இது பறந்து வந்த ஓட்டை."

நுமேரியுஸ் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து தெர்தியாவைக் கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார். கிழவர் சொல் பாதியில் நின்றதா, அவராக முடித்தாரா? அவள் கண்ணை மூடி யோசித்தாள். முடித்தார் என்றாள். வாயை மூடினார், அவளைப் பார்த்தார், அப்புறம்தான் உயிர் போனது.

"அப்ப தேவியை அவர் கூப்பிடல" என்றார் நுமேரியுஸ். "சொல் அவ்வளவுதான். 'துவெல்லோ'. துவெல்லும்ங்கறது வேற்றுமை ஏத்தா அப்படித்தான் ஆகும். நீ எப்படி ஆச்சுன்னு கேட்டே. அவர் உனக்குப் பதில் சொல்லியிருக்கார்."

"என்னங்க பதில்?"

"'போரால'."

தெர்தியா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், 'ஓ'வில்தான் முடிந்தது. நான்தான் வழக்கம்போல் கெடுத்தேன். கிழவர் இந்தக் காலத்துச் சொல்லைச் சொல்லியிருந்தால் 'பெல்லோ' என்றிருப்பார். அதற்கு 'அழகனால்' என்றும் அர்த்தம் உண்டு. ராபுலேயுஸ் ஊரில் உள்ள அழகன்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருப்பார் என்றேன். நுமேரியுஸ் காதில் வாங்கவில்லை. கிழவர் ஏன் பழைய சொல்லைச் சொன்னார் என்பதில் இருந்தார். அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று இந்தக் கல். இன்னொன்று ஈட்டி எறியும்போது பூசாரி சொல்லும் வாசகம்: தூய, நேர்மையான போரால். கிழவர் கடைசியாகக் காதில் கேட்டது அது.

தூங்குமூஞ்சி காவலன் கேட்காமலேயே மீதியைச் சொன்னான். ஈட்டிப் பூசாரிகள் சபையில் புதிதாகச் சேர்ந்த கெகானியுஸ் வீட்டுப் பிள்ளை நேற்றுக் காலை பழகிப் பார்க்க வந்திருந்தாராம். தன்னைக் கோயில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்கள் வீட்டுப் பெரியவர்தான் என்றும் பெருமையாகச் சொன்னான்.

ஈட்டி உள்ளே சுவரில் மாட்டியிருந்தது. முனை முழுக்க ரத்தக்கறை. அதைப் பார்த்ததும் நுமேரியுஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். சடங்கு ஈட்டியின் முனையை ரத்தத்தில் தோய்த்துத்தான் வைக்க வேண்டும், அதுதான் முறை. ரத்தம் இல்லாவிட்டால்தான் குற்றம். ஊரில் இருக்கிற ஆயுதங்களிலேயே ரத்தத்தால் நிரூபிக்க முடியாத ஒன்றைப் பார்த்து எடுத்திருக்கிறான் அந்தப் பிள்ளை.

நான் முனையை முகர்ந்து பார்த்தேன்.

"ஐயா, பெல்லோனாவுக்குப் பூண்டு படைக்கிற வழக்கம் உண்டா?"

அவர் முகர்ந்தார். தெர்தியா முகர்ந்தாள். நாள் முழுக்க மூத்திரக் குடத்தோடு திரிகிற மூக்கு அவளுடையது. அதற்கே தெரிந்தது.

கிழவருக்கு என்ன நடந்தது என்பது இப்போது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பெரிய வீட்டுப் பிள்ளை எறிந்து பழகியிருக்கிறான். ஈட்டி பாத்தியில் விழுந்து விழுந்து பூண்டைப் பிளந்திருக்கிறது. கிழவர் பாத்திக்குள் ஓடிவந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த ஈட்டி குறி தவறி வந்ததா, குறி பார்த்து வந்ததா என்பதை அந்தத் தேவிதான் சொல்ல வேண்டும். அவளுடைய எந்தப் பேரைச் சொல்லி வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ராபுலேயுஸ் சிறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் அத்திப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரர் அல்ல. எதையும் முழுக்கக் கேட்கிறவர். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம். நுமேரியுஸ் எல்லாவற்றையும் சொன்னார்: ஓட்டைகள், பூண்டு வாசனை, பழைய சொல், அது எப்படித் தேய்ந்தது, அதற்குள் இரண்டு எப்படி ஒளிந்திருக்கிறது. ராபுலேயுஸ் நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினார். சொல்லுக்குள் இரண்டு ஒளிந்திருக்கும் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நுமேரியுஸுக்குச் சந்தோஷம். ரசித்துச் சொன்னார்.

"ஆக, கிழவர் அந்த ரெண்டு பேர்னு சொல்லல" என்றார் ராபுலேயுஸ்.

"சொல்லல."

"அப்ப மலைக்காரங்க கொலை பண்ணல. உத்தரவைக் கிழிச்சுடறேன்."

தெர்தியா அழத் தொடங்கினாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். ராபுலேயுஸ் ஒரு பழத்தைப் பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்தார்.

"கெகானியுஸ் பிள்ளையும் கொலை பண்ணல" என்றார். "தூணுக்கு அந்தப் பக்கம் எதிரி நிலம். ஈட்டி பறந்திருக்கு, வாசகம் சொல்லியாச்சு. எதிரி மண்ணுல, முறைப்படி எறிஞ்ச ஈட்டியால விழுந்தா அதுக்குப் பேர் கொலை இல்ல. கிழவரே சொல்லிட்டார். போரால."

நுமேரியுஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராபுலேயுஸ் பணிவாகக் கையை உயர்த்தினார்.

"போர்னா ரெண்டு பக்கம் வேணும். நான் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. ஒரு பக்கம் நாம. இன்னொரு பக்கம் யாரு? எதிரி நிலத்துல, கையில இரும்புத்தடியோட, நம்ம ஊர்க் குடியுரிமை இல்லாம ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. உயிரோட பிடிபட்டிருக்காங்க. போர்ல பிடிபட்டவங்களை என்ன பண்ணுவோம்னு உங்க வீட்டுப் பொம்பளைக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலையில ஏலம்" என்றார் அவர். "மூத்தவன் கல்லுடைக்கறதுக்கு, சின்னவன் ஓஸ்தியா துறைமுகத்துல கப்பல் வேலைக்கு. ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க நுமேரியுஸ். வேற யாரா இருந்தாலும் இவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்க மாட்டாங்க." அவர் எங்களுக்கும் அத்திப்பழம் கொடுத்தார். யாரும் வாங்கவில்லை.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தெர்தியா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நுமேரியுஸ் தெருவுக்குக் குறுக்கே நடந்தார். நான் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் எருதுவண்டி ஏறியிருக்கும். நல்ல காரியம் என்று இரண்டு தடவை சொன்னார். உயிரோடாவது இருப்பார்கள் என்றார். நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சிறை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வழி. அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. நடுவில் புதிதாக ஒரு மரத்தட்டி வைத்து, அண்ணனை அந்தப் பக்கமும் தம்பியை இந்தப் பக்கமும் பிரித்திருந்தார்கள். மோக்கோ தட்டியில் வலது தோளைச் சாய்த்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். பெலியோ தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஐயா, உங்க பேச்சுக்கு அதிகாரி மதிப்புக் குடுக்கறாரு."

நுமேரியுஸ் நின்றார்.

"எங்க அண்ணனுக்கு உங்க பாஷை வராது. சாப்பாடு கேக்கத் தெரியாது. அடிக்காதீங்கன்னு சொல்லத் தெரியாது." அவன் குரலைத் தாழ்த்தினான், அண்ணனுக்குப் புரியாது என்று தெரிந்திருந்தும். "காலையில இருந்த உத்தரவுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்தோம். பொழுது இன்னும் சாயல. போய்ச் சொல்லிடுங்கய்யா. கெழவரு வேற எதுவும் சொல்லலன்னு. ரெண்டு பேருன்னுதான் சொன்னாருன்னு சொல்லிடுங்க."